வீடு மாறும்போது மின்கணக்கையும் முடித்துச் செல்க

தோட்டத்து லயத்தைக் காலிசெய்து பட்டணத்து மலிவு விலை வீட்டிற்குக் குடிபெயரும் குடும்பங்கள் சாமி படம் முதல் அம்மிக்கல் வரை அனைத்தையும் மறவாமல் லாரியில் ஏற்றிக்கொள்கின்றன. பழைய வீட்டின் மின்கணக்கு மட்டும் முடிக்கப்படாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. புது வீட்டின் மின்கணக்கோ முன்னர்க் குடியிருந்தவர் பெயரிலேயே தொடர்கிறது. இவ்விரண்டு கவனக் குறைவுகளும் சில மாதங்கள் சென்றபின் கட்டணச் சீட்டின் உருவில் வாசலுக்கு வந்து சேர்கின்றன. அவ்வாறு வந்தபின் செய்யத் தக்கது யாது, வராமல் காத்துக்கொள்வது எங்ஙனம் என்பவற்றை இம்மாதப் பாடத்தில் விளக்கியுரைப்போம்.

முன்பெல்லாம் இத்தொல்லை நம்மவர்க்கு இருந்ததில்லை. பெரும்பாலான தோட்டங்களில் மின்னாக்கி இயந்திரம் மாலையில் ஓடத் தொடங்கி இரவில் நின்றுவிடும். வெளிச்சத்திற்கான செலவைத் தோட்ட நிருவாகமே ஏற்கும், அல்லது சம்பளத்தில் சிறு தொகையாகப் பிடித்துக்கொள்ளும். 1949ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய மின்சார வாரியம் 1965இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் பெற்றது. 'லெம்பாகா லெத்ரிக் நெகாரா' என்றால் மூத்தோர்க்கு உடனே நினைவுக்கு வரும். அவ்வாரியத்தின் கம்பிகள் படிப்படியாகத் தோட்டங்களுக்குள்ளும் வந்தன. 1990ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் வாரியத்தின் பணிகளைத் தெனாகா நேஷனல் பெர்ஹாட் ஏற்றுக்கொண்டது. பின்னர்த் தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. புத்ராஜெயா நகர் எழுவதற்கு இடம் தந்த பிராங் பெசார், காலோவே, மேடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களின் மக்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குச் சென்றதை அறிவீர்கள். அவ்வாறு சென்ற ஒவ்வொரு குடும்பமும் மின்சாரத்திற்குத் தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டிய நிலை உண்டாயிற்று.

மின்கணக்கு என்பது வீட்டுக்கு உரியதன்று, பெயருக்கு உரியது. முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே. மின் விநியோகத்திற்கு விண்ணப்பிப்பவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்படுகிறது. அவர் ஏறத்தாழ இரண்டு மாதப் பயனீட்டுக்குச் சமமான வைப்புத் தொகை கட்டுகிறார். அவ்வொப்பந்தம் முறையாக முடிக்கப்படும் வரையில் அந்த மீட்டரில் ஏறும் ஒவ்வோர் அலகும் அவர் பெயரிலேயே எழுதப்படும். அவர் அவ்வீட்டில் இருக்கிறாரா, வேறு யாரோ இருக்கிறாரா என்பதைக் கணக்குப் புத்தகம் அறியாது.

இதனால் இரு பக்கமும் இடர் உண்டு. நீங்கள் வெளியேறிய வீட்டில் அடுத்து வருபவர் குளிர்சாதனம் வைத்துக்கொண்டால் அதன் கட்டணம் உங்கள் பெயரில் ஏறும். நீங்கள் நுழைந்த வீட்டில் முன்னிருந்தவர் பாக்கி வைத்திருந்தால், அப்பாக்கிக்காக விநியோகம் துண்டிக்கப்படும்போது இருளில் அமர்பவர் நீங்களே.

பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்வு பெற்ற தம்பதியர், அருகிலுள்ள பட்டணத்தில் நான்காம் மாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தனர். மாதந்தோறும் வந்த சீட்டைப் பார்த்து நாற்பத்தைந்து ரிங்கிட், ஐம்பது ரிங்கிட் எனத் தவறாமல் கட்டியும் வந்தனர். ஐந்தாம் மாதத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சீட்டை எடுத்துப் பார்த்தபோது அதில் முன்னைய குடியிருப்பாளரின் பெயரும், 864 ரிங்கிட் பழைய பாக்கியும் இருந்தன. இவர்கள் கட்டிய பணம் முழுவதும் அப்பாக்கியிலேயே வரவு வைக்கப்பட்டிருந்தது. "பெயரை ஏன் மாற்றவில்லை, அம்மா?" என்று வினவினோம். "வீட்டுக்காரர்தான், பெயர் கிடக்கட்டும், பில்லை மட்டும் கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார், ஐயா" என்று விடை வந்தது. தோட்டத்திலிருந்து எடுத்து வந்த மண்ணெண்ணெய் விளக்கே அவ்வாரம் அவர்களுக்குத் துணையாயிற்று. பேத்தி அதன் ஒளியில் தேர்வுக்குப் படித்தாள்.

வாடகை ஒப்பந்தம் முத்திரையிடப்படாமல் இருந்ததால் வீட்டுக்காரரைத் தேடி அழைத்து வர வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் முத்திரையிடப்பட்டது, அம்மையார் பெயரில் புதிய கணக்குத் திறக்கப்பட்டது, வைப்புத் தொகை கட்டப்பட்டது, மின்சாரம் மீண்டது. ஆனால் அவர்கள் பழைய கணக்கில் கட்டிய ஏறத்தாழ 190 ரிங்கிட் அவர்களுக்குத் திரும்பவில்லை. வீட்டுக்காரர் அதனை வாடகையில் கழித்துக்கொள்ள இசைந்தார். அது அவருடைய நற்குணமேயன்றி, கேட்டவுடன் எல்லாரும் இசைவர் என்று எண்ணுவதற்கில்லை.

வெளியேறும் நாளில்

பால் நிறுக்கும் நேரத்தில் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதவர் நம் தொழிலாளர். கட்டிப் பாலில் அரைக் கிலோ குறைத்து எழுதிவிட்டால் கிராணியிடம் அன்றே கேட்டுவிடுவார். அக்கண் மீட்டரின் மேலும் படவேண்டும். வீட்டைக் காலிசெய்யும் நாளில் மீட்டரில் நிற்கும் எண்ணைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்க. படத்தில் மீட்டரின் எண்ணும், அதில் காட்டும் அளவும் ஒருசேரத் தெரிய வேண்டும். படம் எடுத்த நாள் தொலைபேசியில் தானே பதிவாகிவிடும். புது வீட்டிற்குள் நுழையும் நாளிலும் இவ்வாறே செய்க. இவ்விரு படங்களுக்கும் செலவு ஒன்றுமில்லை. ஆயினும் பிற்காலத்தில் எழும் வழக்குகளுள் பாதியை இவையே தீர்த்துவிடும் என்பது நம் அனுபவம்.

அடுத்து, பழைய கணக்கை மூடுவதற்கு விண்ணப்பிக்க வேண்டும். 'கெடாய் தெனாகா' எனப்படும் வாடிக்கையாளர் நிலையத்திற்கு நேரில் செல்லலாம், அல்லது மைடிஎன்பி செயலியின் வழியாகச் செய்யலாம். அடையாள அட்டையும் வங்கிக் கணக்கு எண்ணும் தேவைப்படும். இறுதி அளவு எடுக்கப்பட்டு இறுதிக் கட்டணச் சீட்டு தயாராகும். வைப்புத் தொகையிலிருந்து அக்கட்டணம் கழிக்கப்பட்டு எஞ்சியது உங்களுக்கு வந்து சேரும். புதிய முகவரியைக் கொடுக்க மறவாதீர். இறுதிச் சீட்டு பழைய லயத்துக் கதவிலேயே செருகப்பட்டுக் காற்றில் பறந்துபோன கதைகள் பலவுண்டு.

சில தோட்டங்களில் மின்கணக்கு நிருவாகத்தின் பெயரிலேயே இருக்கும். வீடுதோறும் உள்மீட்டர் வைத்துச் சம்பளத்தில் பிடிப்பர். அத்தகைய இடத்தில் மூடுவதற்கு உங்கள் பெயரில் கணக்கு இராது. ஆயினும் உள்மீட்டரின் இறுதி அளவைக் கிராணியின் முன்னிலையில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஒரு படி பெற்றுக்கொள்வது நன்று. கடைசிச் சம்பளத்தில் மின்சாரத்திற்கென்று பெருந்தொகை பிடிக்கப்பட்டால், எத்தனை அலகுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விடை மனநிறைவு அளிக்காவிடில் வட்டாரத் தொழிலாளர் அலுவலகத்தை நாடலாம்.

புது வீட்டில் கணக்குத் திறக்க, சொந்த வீடாயின் வாங்கல் விற்பனை ஒப்பந்தமும், வாடகை வீடாயின் முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தமும் வேண்டும். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் வாயிலாக ஒப்பந்தத்திற்கு முத்திரை பெறலாம். வைப்புத் தொகையும் முத்திரைக் கட்டணமும் சேர்ந்து கையிலிருந்து ஒரு தொகை போகும் என்பது உண்மையே. அதனை மிச்சப்படுத்த எண்ணித்தான் பலர் பழைய பெயரிலேயே காலம் தள்ளுகின்றனர். மேலே கூறிய தம்பதியரும் அவ்வாறே எண்ணினர்.

வறுமைக் குடும்பங்களுக்கு இங்கு ஒரு தனிச் செய்தி உண்டு. இ-காசே பட்டியலில் கடும் வறுமைக் குடும்பமாகப் பதிவு பெற்றோருக்கு அரசாங்கம் மாதம் 40 ரிங்கிட் வரையில் மின்கட்டணக் கழிவு வழங்கி வருகிறது. இக்கழிவு குறிப்பிட்ட மின்கணக்கோடு இணைக்கப்பட்டது. வீடு மாறிப் புதுக் கணக்குத் திறப்போர் அக்கழிவையும் புதுக் கணக்கிற்கு மாற்றித் தருமாறு கேட்டுப் பெறவேண்டும்.

சீட்டைப் படிக்கும் முறை

கட்டணச் சீட்டின் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது நம்மவர் வழக்கம். வழக்கு என்று வந்துவிட்டால் அத்தொகைக்கு மேலே உள்ள வரிகளே பேசும். அவை தேசிய மொழியில் உள்ளவை. 'பாக்கி டெர்டஹுலு' என்பது முன்னைய நிலுவை. பாக்கி என்னும் சொல்லுக்கு நமக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை! புதிதாகக் கணக்குத் திறந்தவரின் முதற் சீட்டில் இவ்வரியில் ஏதேனும் தொகை இருந்தால், அஃது எங்கிருந்து வந்தது என்று உடனே கேட்க வேண்டும். 'டஹுலு' என்பது முந்திய அளவு. 'செமாசா' என்பது இப்போதைய அளவு. 'கெகுனாஆன்' என்பது இரண்டிற்கும் உள்ள வேறுபாடு, அதாவது நீங்கள் பயன்படுத்திய அலகு. ஓர் அலகு என்பது ஆயிரம் வாட் சக்தியுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கச் செலவாகும் மின்சாரம்.

'ஜெனிஸ் பாச்சாஆன்' என்னும் வரியையே நாம் பெரிதும் வற்புறுத்துவோம். அளவு எவ்வகையில் எடுக்கப்பட்டது என்பதை அது சொல்லும். 'செபெனார்' என்றிருந்தால் மீட்டரைப் பார்த்து எழுதிய உண்மை அளவு. 'அங்காரான்' என்றிருந்தால் மதிப்பீடு. வாசற்கதவு பூட்டியிருந்தாலோ, நாய் கட்டியிருந்தாலோ, மீட்டரை அணுக இயலாமற் போனாலோ, முன்னைய பயனீட்டைக் கொண்டு உத்தேசமாக எழுதுவர். வீடு மாறியவருக்கு இவ்வுத்தேசம் பெரிதும் பிழைபடக்கூடும். அங்கு முன்னர் எட்டுப் பேர் இருந்திருக்கலாம். இப்போது நீங்கள் மூவரே இருக்கலாம். அத்தகைய சீட்டு வந்தால், மீட்டரின் உண்மை அளவைப் படம் எடுத்து நிறுவனத்திடம் கொடுத்துத் திருத்தம் கேட்கலாம்.

மதிப்பீட்டினால் எழும் குழப்பத்தை நாடு முழுவதும் 2020ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் மீட்டர் பார்ப்போர் வீடுகளுக்குச் செல்லவில்லை. மே மாதத்தில் அளவெடுப்பு மீண்டும் தொடங்கியபோது பல மாதப் பயனீடு ஒரே சீட்டில் வந்து நின்றது. புகார்கள் குவிந்தன. அத்தகைய சீட்டில் நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கின் வழிக் காண்போம்.

அக்காலத்தில் வீட்டுக் கட்டணம் படிமுறையில் இருந்தது. முதல் 200 அலகுக்கு அலகொன்றுக்கு 21.8 சென், அடுத்த 100 அலகுக்கு 33.4 சென், அதற்கு மேல் 600 அலகு வரை 51.6 சென். மாதம் 190 அலகு பயன்படுத்தும் குடும்பம் ஒன்றிற்கு மூன்று மாதம் அளவெடுக்கவில்லை எனக் கொள்வோம். மொத்தம் 570 அலகு. இதனை ஒரே மாதப் பயனீடாகக் கருதினால் 216 ரிங்கிட் 32 சென் ஆகும். மூன்று மாதத்திற்குப் பகிர்ந்து, முதற்படியை 600 அலகாக விரித்துக் கணக்கிட்டால் 124 ரிங்கிட் 26 சென்தான். வேறுபாடு 92 ரிங்கிட்டுக்கு மேல்! இவ்வாறு பகிர்ந்து கணக்கிடுவதே முறை. ஆதலால் பெருந்தொகைச் சீட்டு வரும்போது எத்தனை நாளுக்கு உரியது என்பதை முதலில் பாருங்கள். நாளும் அலகும் பொருந்தி வந்தால், சீட்டு பிழையன்று. பயனீடு சேர்ந்து வந்திருக்கிறது, அவ்வளவே.

அப்படிமுறை இப்போது இல்லை. 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு, தீபகற்ப மலேசியாவில் கட்டணம் எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு, சில்லறை என்று பிரித்துக் காட்டப்படுகிறது. குறைவாகப் பயன்படுத்துவோருக்கு ஊக்கக் கழிவு உண்டு. மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் 600 அலகுக்கு உட்பட்ட வீடுகளுக்கு விலக்கப்பட்டுள்ளது. பயனீடு ஏற ஏற ஊக்கக் கழிவு குறைந்துகொண்டே போகும். எனவே நாட்கணக்கைப் பார்க்கும் பழக்கம் இப்போதும் கைவிடத்தக்கதன்று. தொலைவிலிருந்தே அளவு தெரிவிக்கும் புதுவகை மீட்டர்கள் மலாக்காவில் தொடங்கி மற்ற மாநிலங்களிலும் பொருத்தப்பட்டு வருகின்றன. அவை உள்ள வீடுகளில் மதிப்பீட்டுத் தொல்லை பெரிதும் குறையும்.

அடுக்குமாடியில் மற்றொரு சிக்கலும் உண்டு. லயத்தில் மீட்டர் உங்கள் சுவரிலேயே இருந்தது. அடுக்குமாடியிலோ பல வீட்டு மீட்டர்களும் ஓரிடத்தில் வரிசையாக இருக்கும். உங்கள் வீட்டுக்கு உரியதெனக் காட்டப்படும் மீட்டர் உண்மையில் அடுத்த வீட்டுடையதாக இருந்துவிடலாம். இதனைச் சோதிப்பது எளிது. சீட்டில் உள்ள மீட்டர் எண்ணைக் கொண்டு மீட்டரை அடையாளம் காணுங்கள். வீட்டில் ஒருவர் முதன்மைச் சுவிட்சை அணைக்க, மற்றொருவர் மீட்டரின் அருகில் நின்று பாருங்கள். சக்கரம் நிற்க வேண்டும், அல்லது சிறுவிளக்கு துடிப்பதை நிறுத்த வேண்டும். அணைத்த பின்னும் ஓடுமாயின் அம்மீட்டரில் வேறொருவர் பயனீடும் ஏறுகிறது, அல்லது இணைப்பு மாறியுள்ளது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீட்டரின் முத்திரையையோ கம்பியையோ தொடலாகாது. மீட்டரில் கைவைப்பது உயிருக்கும் கேடு, 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின்படி குற்றமுமாகும். நியாயமான புகார் உடையவர் அதனால் குற்றவாளியின் இடத்தில் நிற்க நேரிடும்.

முறையிடும் வழி

சீட்டு பிழையென்று தெளிந்தபின் வாளாவிருத்தல் கூடாது. பணம் கட்டாமல் இருந்தாலே எதிர்ப்புத் தெரிவித்ததாகிவிடும் என்று சிலர் நினைக்கின்றனர். நிறுவனத்தின் கணக்கில் அஃது எதிர்ப்பாகத் தோன்றாது, நிலுவையாகவே தோன்றும். கெடாய் தெனாகாவிற்கு நேரில் சென்றோ, 1-300-88-5454 என்ற எண்ணில் அழைத்தோ முறையிட்டு, புகாருக்கு உரிய எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்க. நேரில் செல்வதையே நாம் விரும்புவோம். மீட்டர்ப் படங்களையும் சாவி பெற்ற நாளைக் காட்டும் ஒப்பந்தத்தையும் மேசைமேல் வைத்துப் பேச இயலும். விசாரணை முடியும் வரையில் துண்டிக்க வேண்டா என்றும், வழக்கில் இல்லாத வழக்கமான மாதத் தொகையைக் கட்டிவிடச் சித்தமாக இருப்பதாகவும் எழுத்தில் தெரிவியுங்கள். மீட்டரே பழுது என ஐயுற்றால் அதனைச் சோதித்துத் தருமாறு கேட்கலாம். தொகை உங்களுடையதே என முடிவானால் தவணை கேட்பதில் இழிவில்லை.

கடிதம் தேசிய மொழியில் இருப்பது நலம். இடைநிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளை இருந்தால் அரைப் பக்கத்தில் எழுதித் தந்துவிடும். கணக்கு எண், மீட்டர் எண், குடிபுகுந்த நாள், அன்றைய அளவு, சீட்டில் காட்டிய அளவு, நீங்கள் வேண்டுவது யாது என்னும் ஆறு செய்திகள் போதும். ஏழ்மையையும் மனவேதனையையும் பற்றி நீள எழுதும் கடிதங்களில் கணக்கு எண்ணே விடுபட்டுப்போவதைக் கண்டிருக்கிறோம்.

நிறுவனத்தின் விடை பொருந்தாதெனக் கருதினால் அதற்கு மேலும் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த எரிசக்தி ஆணையம், அதாவது 'சுருஹான்ஜாயா தெனாகா', மின் பயனீட்டாளர் புகார்களை விசாரிக்கும் பொறுப்புடையது. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1-800-2222-78. ஆயின் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டதற்கான புகார் எண் கையில் இருக்க வேண்டும். படி தாண்டிச் செல்வோரை ஆணையமும் முதற்படிக்கே திருப்பி அனுப்பக்கூடும்.

இடையில் வருவோரிடம் எச்சரிக்கை தேவை. "உங்கள் பெயரில் மின்பாக்கி உள்ளது, இன்றே இக்கணக்கில் பணம் போடாவிடில் நடவடிக்கை" என்று தொலைபேசியில் மிரட்டுவோர் பெருகிவிட்டனர். புதிதாக வீடு மாறியவர் பழைய பாக்கி ஏதும் இருக்குமோ என்ற அச்சத்தில் எளிதில் ஏமாறுவார். தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அது மோசடியே. தொலைபேசியை வைத்துவிட்டு மேற்கண்ட எண்ணில் நீங்களே அழைத்துக் கேளுங்கள். பணத்தை இழந்துவிட்டால் காலம் தாழ்த்தாது 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்க வேண்டும்.

நீர்க் கணக்கிற்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் நீர் விநியோகம் மாநிலத்திற்கு மாநிலம் வெவ்வேறு நிறுவனத்தின் பொறுப்பு. கெடாவிலிருந்து சிலாங்கூருக்குக் குடிபெயர்வோர் பழையதை அங்கே மூடிப் புதியதை இங்கே திறக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தை விட்டு வந்து வைப்புத் தொகையைக் கேட்டுப் பெறாதவர்களும் நம்மிடையே உள்ளனர். தந்தை பெயரில் கணக்கு இருந்து, அவர் காலமான பின் யாரும் அதனைத் தொடாமல் விட்ட குடும்பங்களும் உண்டு. அத்தொகை போயிற்று என்று கருத வேண்டியதில்லை. முதலில் கெடாய் தெனாகாவில் பழைய கணக்கு எண்ணையோ, அடையாள அட்டை எண்ணையோ கொடுத்து விசாரியுங்கள். உரிமை கோரப்படாத பணமாக அஃது அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால், தலைமைக் கணக்காயர் துறையின் கீழுள்ள உரிமை கோரப்படாத பணப் பதிவகத்தில் தேடலாம். வாரிசுகள் இறப்புச் சான்றிதழுடனும் உறவைக் காட்டும் பத்திரங்களுடனும் விண்ணப்பிக்கலாம். பழைய கட்டணச் சீட்டு ஒன்று பெட்டியின் அடியில் கிடந்தால் அதனையும் உடன் கொண்டு செல்லுங்கள். கணக்கு எண் அதில் இருக்கும்.